கோ பங்கான்: இடத்தைவிடத் தேதி முக்கியமான தீவு

தாய்லாந்து வளைகுடாவில், கோ சாமுய் தீவுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது கோ பங்கான். தேனிலவுக்கோ திருமண நாளுக்கோ இந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கும் தம்பதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, அதில் கட்டிய ஊஞ்சல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஆளே இல்லாத மணல். அந்தப் படம் பொய்யில்லை, அப்படிப்பட்ட கரைகள் அங்கே நிறைய இருக்கின்றன. ஆனால் அதே தீவின் தென்கிழக்கு மூலையில், ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு கடற்கரையில், மாதத்துக்கு ஒருமுறை பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேர் வரை கூடி விடிய விடிய ஆடுகிறார்கள். ஃபுல் மூன் பார்ட்டி என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிவிட்ட இரவு அது.

இந்த இரண்டில் எது நமக்குக் கிடைக்கும் என்பதை நாம் செலவழிக்கும் பணம் தீர்மானிப்பதில்லை. எந்தத் தேதியில் போய் இறங்குகிறோம், எந்தக் கரையில் தங்குகிறோம் என்பவைதான் தீர்மானிக்கின்றன. அதிலும் தேதிதான் முதலில். பயண ஏஜென்ட்டிடம் ‘ஐந்து இரவு, கடல் பார்த்த அறை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாந்துபோகிறார்கள். அவர்களை யாரும் ஏமாற்றுவதில்லை. தீவு எப்படி இயங்குகிறது என்று யாரும் முன்கூட்டி அவர்களுக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, தீவு எப்படி இயங்குகிறது?

கோ பங்கான் சுமார் 125 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி மலையும் காடும். நடுவில் இருக்கும் காவ் ரா மலை 600 மீட்டருக்கும் மேல் உயரம். ஊர்கள் எல்லாம் ஓரத்தில், கடலை ஒட்டி இருக்கின்றன. சுற்றுலா வருவதற்கு முன்னால் தென்னையும் மீனும்தான் பிழைப்பு. தாய்லாந்து மன்னர் ஐந்தாம் ராமா, அதாவது சூளலோங்கோர்ன், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பலமுறை இங்கே வந்திருக்கிறார். கிழக்குப் பக்கம் இருக்கும் தான் சடெட் அருவி அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அங்கே பாறையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தீவின் கடலோர மணல் நிலத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. உள்ளே இருக்கும் தோப்புதான் சொத்து. சாமுய் பக்கத்துக் குடும்பங்களில் சொத்துப் பிரிக்கும்போது, செல்லப் பிள்ளைக்குத் தோப்பும் மற்றவர்களுக்குக் கடலோர மணலும் போனதாகச் சொல்வார்கள். பின்னால் வந்த சுற்றுலா அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. மணல் வாங்கியவர்கள் பணக்காரர்களானார்கள்.

1980-களில் முதுகுப் பையோடு ஆசியா முழுக்கச் சுற்றிய மேற்கத்திய இளைஞர்கள் சாமுய் நெரிசலாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டு அடுத்த தீவுக்குப் படகு ஏறினார்கள். ஹாட் ரின் என்ற இடத்தில் சில மூங்கில் குடிசைகள் இருந்தன. 80-களின் நடுவில் ஏதோ ஒரு பௌர்ணமி இரவில், இருபது முப்பது பேர் அங்கே கூடி ஆடியதுதான் தொடக்கம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. யாருடைய பிறந்தநாள், யார் வழியனுப்பு விழா என்பதில் ஆளுக்கொரு கதை உண்டு.

ஏன் அந்தக் கரை என்பதற்கு மட்டும் தெளிவான காரணம் இருக்கிறது. ஹாட் ரின் ஒரு குறுகலான நிலத்துண்டு. அதன் ஒரு பக்கம் கிழக்கு பார்த்த கடற்கரை, மறுபக்கம் மேற்கு பார்த்த கடற்கரை. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் நிலா உதிக்கும். ஆகவே கிழக்குக் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு முழு நிலா கடலுக்குள்ளிருந்து நேராக எழும்பி வரும். முதலில் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய தட்டாக, பிறகு மெல்ல வெளுத்து. இரவெல்லாம் தலைக்கு மேலே போய்விட்டு அது பின்பக்கம் இறங்கும் நேரத்தில், அதே கிழக்குக் கடலிலிருந்து சூரியன் வரும். பார்ட்டியைப் பிடிக்காதவர்கள்கூட இந்தக் காட்சியைக் குறை சொல்ல மாட்டார்கள். மின்விளக்கு இல்லாத காலத்தில் இருபது முப்பது பேர் அந்த வெளிச்சத்தில் ஆடியிருந்தால் அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

இன்று அங்கே நிலவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கரை நெடுக மதுக்கடைகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒலிபெருக்கி அடுக்கு. ஐம்பது அடி நடந்தால் இசை மாறிவிடும். உள்ளே நுழைய ஒரு கட்டணம் உண்டு. 100 பாட் (தாய்லாந்து நாணயம்) ஆக இருந்து 200 ஆனது. கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். கரையைச் சுத்தம் செய்வதும் காவல் ஏற்பாடும் அந்தப் பணத்தில் நடப்பதாகச் சொல்கிறார்கள். நுழைவுச்சீட்டில் பெரிய வருமானம் இல்லை. வருமானம் எல்லாம் ‘பக்கெட்’டில்தான் இருக்கிறது.

பக்கெட் என்றால் உண்மையிலேயே வாளிதான். குழந்தைகள் மணல் வீடு கட்டக் கொண்டுபோகும் அளவுக்குச் சின்ன பிளாஸ்டிக் வாளி. தெருவோரம் மேசை போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வாளிக்குள்ளும் ஒரு சின்ன மது பாட்டில், ஒரு கோலா டின், பக்கத்தில் உள்ளூர் எனர்ஜி பானத்தின் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. உலகம் ரெட் புல் என்று அறிந்திருக்கும் பானத்தின் மூலமான க்ராதிங் டேங் பிறந்ததே தாய்லாந்தில்தான். வாங்கினதும் எல்லாவற்றையும் உடைத்து ஊற்றி, ஐஸ் போட்டு, நாலைந்து உறிஞ்சுகுழல் செருகிக் கொடுப்பார்கள். பகிர்ந்து குடிப்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் ஆளுக்கொன்று வாங்குகிறவர்கள்தான் அதிகம். இதிலிருக்கும் சிக்கல் என்னவென்றால், இனிப்பு மதுவின் காரத்தை மறைத்துவிடும், காஃபீன் களைப்பை மறைத்துவிடும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும்போது நேரம் கடந்திருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு அந்தக் கரையில் நடக்கும் விபத்துகளில் பாதிக்கு மேல் இந்த வாளியிலிருந்துதான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

இனி மாதக் கணக்குக்கு வருவோம். தம்பதிகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

பௌர்ணமிக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே தீவு நிரம்பத் தொடங்கும். ஹாட் ரினில் முன்னோட்டக் கொண்டாட்டங்கள் நடக்கும். பௌர்ணமிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் படகுகள் நிரம்பி வழியும், கூட்டம் கோ தாவ் தீவுக்கும் சாமுயிக்கும் நகரும். அதற்கடுத்த நாள் போனால் அதே ஹாட் ரின் தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர்கள் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள், அறை வாடகை படிந்து வரும். ஆனால் இத்தோடு முடியவில்லை. தெற்குக் கரையில் பான் தாய் என்ற ஊரை ஒட்டிய காட்டுக்குள், பௌர்ணமிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பும் ஒரு வாரம் பின்பும் ஹாஃப் மூன் பார்ட்டி, அமாவாசையை ஒட்டி பிளாக் மூன் பார்ட்டி, இடையிடையே வேறு சில இரவுகள் என்று போய்க்கொண்டே இருக்கும். 2014-இல் இராணுவ ஆட்சி வந்த பிறகு இவற்றுக்குக் கெடுபிடி வந்தது, பிறகு மெல்லத் தளர்ந்தது. ஆகவே ஹாட் ரினில் தேதி பார்த்துத் தப்பிக்கலாம். பான் தாயில் அப்படித் தப்பிக்க முடியாது. ‘பார்ட்டி நடக்கும் இடத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது’ என்று நம்பி பான் தாயில் அறை எடுத்தவர்களுக்கு, இரவு இரண்டு மணிக்குக் கட்டிலின் கால் வழியாக ஏறிவரும் அந்தத் தும் தும் ஓசை நன்றாகத் தெரியும். பாட்டு காதில் விழாது. தாளம் மட்டும் நெஞ்சுக்கூட்டில் கேட்கும்.

தேதியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பார்ட்டி எப்போதும் சரியாகப் பௌர்ணமியன்று நடப்பதில்லை. தாய்லாந்தின் முக்கியமான பௌத்தப் புனித நாள்களும் பௌர்ணமியில்தான் வருகின்றன. மாக பூஜை பெரும்பாலும் நம் மாசி மகத்தை ஒட்டியும், விசாக பூஜை வைகாசி விசாகத்தை ஒட்டியும், ஆசாட பூஜை ஆடிப் பௌர்ணமியை ஒட்டியும் வரும். அந்த நாள்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் பார்ட்டியை ஒரு நாள் தள்ளி வைப்பார்கள். வீட்டு நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு ‘மறுநாள்தானே போகிறோம், எல்லாம் முடிந்திருக்கும்’ என்று கணக்குப் போட்டவர்கள் நேராகப் பார்ட்டிக்கு நடுவில் போய் இறங்குவது இப்படித்தான். ஆண்டு முழுமைக்குமான பார்ட்டித் தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். விமானச் சீட்டு எடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அறை வாடகை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பௌர்ணமி வாரத்தில் ஹாட் ரின் விடுதிகள் வாடகையை ஏற்றுவதோடு நிற்பதில்லை. குறைந்தது இத்தனை இரவு எடுத்தால்தான் அறை என்பார்கள். மூன்று, ஐந்து, சில இடங்களில் அதற்கும் மேல். கேட்பவருக்கு இது அநியாயமாகத் தோன்றும். விடுதிக்காரர் பக்கம் பார்த்தால் கணக்கு வேறு. எல்லோரும் அந்த ஒரு இரவுக்குத்தான் அறை கேட்கிறார்கள். ஒரு இரவுக்குக் கொடுத்துவிட்டால் முன்னும் பின்னும் அறை காலியாகக் கிடக்கும். மறுநாள் காலையில் அறை இருக்கும் லட்சணமும் அவருக்குத் தெரியும்: உடம்பெல்லாம் பூசிய ஒளிரும் சாயம் படுக்கை விரிப்பில், குளியலறை முழுக்க மணல். மாதத்தில் சில நாள் வரும் கூட்டத்தை வைத்து மீதி நாளை ஓட்ட வேண்டிய தொழில் அது. திருவண்ணாமலையில் கிரிவல நாளன்று அறை தேடியவர்களுக்கு இந்தப் பொருளாதாரத்தை விளக்கவே தேவையில்லை. தம்பதியாக வருகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, அந்த வாரத்தில் ஹாட் ரினில் அறை எடுக்காமல் இருப்பதுதான். தீவில் வேறு எங்கும் அந்த நெருக்கடி அதே அளவில் கிடையாது.

எங்கே தங்கலாம்? வடகிழக்கில் தோங் நாய் பான். சின்னதும் பெரியதுமாக இரட்டை விரிகுடா. நீண்ட காலம் மண் சாலையாகவே இருந்ததால் கூட்டம் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இன்று சாலை நன்றாகிவிட்டது, வசதியான விடுதிகளும் வந்துவிட்டன. ஆனாலும் மலைக்கு இந்தப் பக்கம் என்பதால் பார்ட்டிச் சத்தம் எட்டாது. கிழக்கு பார்த்த கரை என்பதால் நிலா உதயம் இங்கேயும் அதே அழகோடு கிடைக்கும். இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பார்க்க ஹாட் ரினைவிட இது நூறு மடங்கு மேல். வடக்கே பாட்டில் பீச் என்று அழைக்கப்படும் ஹாட் குவாட், படகிலோ காட்டுப் பாதையிலோதான் போக வேண்டும். சலோக்லும் இன்னும் மீனவ ஊராகவே இருக்கிறது. கணவாய் காயவைக்கும் வாசனையோடு அந்திப் பொழுதில் படகுத்துறையில் நடப்பது எனக்குத் தீவிலேயே மிகவும் பிடித்த விஷயம். வடமேற்கில் மே ஹாட், அங்கிருந்து கோ மா என்ற குட்டித் தீவுக்குத் தண்ணீர் வடியும்போது மணல் திட்டு வழியாக நடந்தே போகலாம், பவளப் பாறைகளைப் பார்க்க முகமூடி போட்டு நீந்தவும் நல்ல இடம். மேற்கே ஹாட் யாவ், ஹாட் சலாட் இரண்டிலும் சூரிய அஸ்தமனம். ஸ்ரீ தானு யோகா பயில வருகிறவர்களின் ஊர். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே கவலையில்லை. மற்ற இடங்களில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் விட்டிருப்பார்கள், சொல்லித்தான் தவிர்க்க வேண்டும்.

மழையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ஃபூக்கெட், கிராபி பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்யும். கோ பங்கானுக்கும் சாமுயிக்கும் வடகிழக்குப் பருவமழைதான், நம் ஊரைப் போலவே. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு எப்படியோ அங்கேயும் அப்படியே. நவம்பர்தான் மோசமான மாதம். சில சமயம் அங்கே அடித்த புயலே இந்தியக் கரைக்கும் வரும். 1989 நவம்பரில் தாய்லாந்து வளைகுடாவில் உருவான ‘கே’ புயல், சும்போன் மாகாணத்தைச் சின்னாபின்னமாக்கிவிட்டு, தரையைக் கடந்து வங்கக் கடலுக்குள் இறங்கி மறுபடி வலுப்பெற்று, ஆந்திராவில் காவலி அருகே கரையேறியது. 2019 ஜனவரி தொடக்கத்தில் ‘பாபுக்’ புயல் வந்தபோது புத்தாண்டுக் கூட்டம் அவசர அவசரமாகத் தீவுகளை விட்டுக் கிளம்பியது, படகுகள் நிறுத்தப்பட்டன. ஆகவே தீபாவளி விடுமுறைக்கு இங்கே திட்டமிடுவது நல்லதல்ல. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் அருமை. ஜூலை, ஆகஸ்டும் பரவாயில்லை, ஐரோப்பிய விடுமுறைக் கூட்டம் இருக்கும் என்பதைத் தவிர. இன்னொன்று, மே முதல் செப்டம்பர் வரை வளைகுடாவில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். தெற்கு, மேற்குக் கரைகளில் தண்ணீர் தூரமாக உள்வாங்கிவிடும். இடுப்பளவு ஆழத்துக்கே பாறைமேல் கவனமாக நடந்து போக வேண்டியிருக்கும். படத்தில் பார்த்த நீலக் கடலைத் தேடி அந்த மாதங்களில் வருகிறவர்கள் வடகிழக்குக் கரைகளுக்குப் போவதே சரி.

தேதியும் இடமும் சரியாக அமைந்த பிறகும் தம்பதிகளுக்குள் ஒரு பேச்சு கட்டாயம் வரும். “என்னங்க, இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ராத்திரி போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே” என்று ஒருவர் கேட்பார். மற்றவருக்குக் கூட்டமே ஆகாது. இதில் யார் சரி என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. போகலாம் என்றே நான் சொல்வேன், தங்குவதற்காக இல்லை, பார்ப்பதற்காக. மாலை ஆறு மணிக்கு முன்பே போய், நிலா உதயத்தைக் கரையில் உட்கார்ந்து பார்த்து, தீக்கயிறு சுற்றுகிறவர்களைப் பார்த்து, பத்து பதினொரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரம் வரை அது ஒரு திருவிழாதான், எல்லா வயதினரும் இருப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் முகம் மாறுகிறது. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு, பாதத்தை மூடும் காலணியோடு போக வேண்டும். மணலுக்குள் உடைந்த கண்ணாடி இருக்கும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கடை வாசலில் சந்திப்பது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு சத்தத்தில் செல்போன் அடிப்பது யாருக்கும் கேட்காது. தீக்கயிற்றைத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். ஊர்க் கிளினிக்குகளில் மறுநாள் காலையில் தீக்காயத்தோடு வரிசையில் நிற்பவர்கள் அதை விளையாடியவர்கள்தான்.

போய்வரும் வழிதான் உண்மையான ஆபத்து. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தோங் சாலா துறைமுகத்திலிருந்து பான் தாய் வரை சாலை சமதளம். அங்கிருந்து ஹாட் ரினுக்கு மலை ஏறி இறங்க வேண்டும். சில இடங்களில் ஏற்றம் சுவரைப் போல நிற்கும். ஸ்கூட்டரில் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவில் மணல் சிதறிக் கிடக்கும். ஊரில் பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டிய தைரியம் அங்கே உதவாது. நீண்ட கால்சட்டை இல்லாமல் ஏறி இறங்குகிறவர்களின் கெண்டைக்காலில் புகைக்குழாய் பட்டு ஒரு வட்டத் தீப்புண் வரும். தீவில் அது அவ்வளவு சகஜம் என்பதால் ‘தாய் டாட்டூ’ என்றே பெயர். வாடகை வண்டிக் கடையில் பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பணப் பிணை வாங்கும் கடையைத் தேடுங்கள். வண்டியை எடுக்கும் முன் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருசக்கர வாகனத்துக்கும் சேர்த்து வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லையென்றால், விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. அந்த இரவுக்கு சொங்தேவ் எனப்படும் பகிர்வு வண்டிகள் ஓடும். பின்பக்கம் இரண்டு பலகை போட்ட பிக்கப் வண்டிதான். அதில் போய் அதிலேயே திரும்புங்கள்.

சாமுயில் தங்கிக்கொண்டு அந்த ஒரு இரவுக்கு மட்டும் வேகப் படகில் வந்துபோகிறவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. 2005 ஜனவரியில் பார்ட்டி முடிந்து சாமுயிக்குத் திரும்பிய, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஒரு வேகப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். அப்புறம் விதிகள் கடுமையாகின. ஆனாலும் விடிகாலையில் களைத்த கூட்டம் முண்டியடிக்கும்போது எந்த விதியும் தானாக வேலை செய்யாது. உயிர்காப்புச் சட்டை கையில் வந்த பிறகு ஏறுவதும், படகு நிரம்பிவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதும் நம் பொறுப்புதான். ஹாட் ரின் கரையில் இரவில் கடலில் இறங்குவதையும் தவிர்க்க வேண்டும். கிழக்கு பார்த்த அந்தக் கரையில் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமாக இருக்கும்.

குடிக்கிறவர்கள் மூடி திறக்காத பாட்டிலைத் தன் கண்முன் திறக்கச் சொல்லி வாங்குவது நல்லது. லாவோஸின் வாங் வியங் ஊரில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் 6 வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் மெத்தனால்தான். அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். மறுநாள் கண் மங்கினால் ‘போதை தெளியவில்லை’ என்று படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே இன்னொரு உண்மை காத்திருக்கும். கோ பங்கானில் விமான நிலையம் கிடையாது. கட்டத் தொடங்கிய முயற்சி பாதியில் நின்றுவிட்டது. பெரிய அவசரம் என்றால் நோயாளியைக் கடல் வழியாகச் சாமுயிக்குத்தான் கொண்டுபோவார்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு ஒரு திருமணச் செலவுக்குச் சமம்.

போதைப்பொருள் விஷயத்திலும் குழப்பம் வேண்டாம். தாய்லாந்தில் 2022 ஜூனில் கஞ்சா தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது உண்மை. ஆனால் 2025 ஜூனில் அதை மருத்துவச் சீட்டோடு மட்டும் என்று திரும்பச் சுருக்கிவிட்டார்கள். மதுக்கடையிலேயே வெளிப்படையாக விற்கப்படும் மாயக் காளான் சட்டப்படி குற்றம். மின்சிகரெட்டும் தடை செய்யப்பட்டதுதான். ஹாட் ரின் சாலையில் பௌர்ணமி இரவில் போலீஸ் சோதனை இருக்கும்.

இவ்வளவையும் படித்தால் பார்ட்டியை நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றலாம். கொரோனா காலத்தில் நின்றே போனது. 2022 ஏப்ரலில்தான் முழு அளவில் திரும்பியது. அந்த இடைவெளியில் தீவு எவ்வளவு அமைதியாக இருந்ததோ அவ்வளவு பேர் வேலை இழந்திருந்தார்கள். பிலிப்பைன்ஸில் பொராக்கே தீவை 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் அரசு அடியோடு மூடியது. கழிவுநீர் நேராகக் கடலில் கலந்ததுதான் காரணம். திறந்தபோது கடற்கரைப் பார்ட்டிக்கும் மணலில் குடிப்பதற்கும் தடை வந்தது, தண்ணீர் தெளிந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் சின்னக் கடைக்காரர்களும் கூலியாட்களும் தவித்தார்கள். கோ பங்கானில் அமைதியான வடக்குக் கரைக்கும் ஆரவாரமான தெற்கு மூலைக்கும் படகுப் போக்குவரத்தும் சாலையும் மருத்துவமனையும் பொதுவானவை. நாம் ரசிக்கும் அமைதிக்குப் படகு விடுகிற செலவில் ஒரு பங்கை அந்தச் சத்தம்தான் கட்டுகிறது. பௌர்ணமி முடிந்த காலையில், சூரியன் எழும்பி, கடைசி ஒலிபெருக்கியும் அணையும் முன்பே, ஆட்கள் குப்பைவாரிகளோடு வரிசையாக இறங்கி மணலை வாரத் தொடங்குவார்கள். உறிஞ்சுகுழல்கள், ஒற்றைச் செருப்புகள், நசுங்கிய வாளிகள், கண்ணாடிச் சில்லுகள். தாய்லாந்தின் தென் தீவுகளில் இப்படிப்பட்ட வேலைகளைச் செய்பவர்களில் பலர் மியான்மரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மதியத்துக்குள் கரை பளிச்சென்று ஆகிவிடும். படத்தில் பார்க்கும் அந்த ஆளில்லாத மணல் அவர்கள் கைவேலை.

திரும்பும் பயணத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலருக்குப் பணம் போகிறது. சாமுய் விமான நிலையம் 1989-இல் பாங்காக் ஏர்வேஸ் நிறுவனம் கட்டிய தனியார் நிலையம். அதனால் கட்டணம் அதிகம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் சூரத் தானி நகரத்துக்கு விமானத்தில் வந்து, பேருந்தில் டொன்சாக் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் பயணிக்கிறார்கள். போகும்போது சரி, திரும்பும்போதுதான் இது கழுத்தைப் பிடிக்கும். பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாளும் கப்பல் சீட்டு கிடைப்பது கடினம், கிடைத்தாலும் தாமதம். அந்த நாள்களில் ஊருக்கு விமானம் பதிவு செய்யாதீர்கள். வேறு வழியில்லையென்றால் கப்பல் சீட்டை ஊரிலிருந்தே எடுத்துவிட்டு, கடைசி இரவைச் சூரத் தானியிலோ பாங்காக்கிலோ தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு 2023 நவம்பரிலிருந்து விசா இல்லாமல் போகும் வசதி வந்தது. அந்த விதிகள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் மாதத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவது கட்டாயம். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.